மூணாவது மாடி லூசு

போட்டோ போகவில்லை. வார்த்தை மட்டும் போய்விட்டது.

கஸ்தூரி நாலாவது மாடிக்கு ஏறுகிற வழியில், ஒரு கையில் காய்கறிப் பையும் மறுகையில் போனுமாக நின்று, குடியிருப்போர் வாட்ஸப் குழுவுக்கு ஒரு படமும் ஒரு வரியும் அனுப்பினாள். படிக்கட்டுக் கைப்பிடியின் அடியில் போல்ட் கழன்று தொங்குகிற இடத்தைத்தான் படம் எடுத்திருந்தாள். அந்தப் பக்கம் சிக்னல் எப்போதுமே நொண்டியடிக்கும். படம் பாதியில் சுற்றிக்கொண்டே நின்றுவிட, வரி மட்டும் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

"மூணாவது மாடி லூசு. உடனே கவனிக்கவும்."

கரையான்சாவடி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்தக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில் இரண்டே வீடுகள். ஒன்று பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். இன்னொன்றில் சங்கச் செயலாளர் மனோகரனும் அவர் மனைவி மங்களமும். ஆக, மூணாவது மாடியில் லூசு என்றால் அது அந்த இரண்டு பேரில் ஒருவர்தான். மங்களத்தை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கஸ்தூரி வீட்டுக்குள் போய்ப் பையைக் கொட்டி, கத்தரிக்காயைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது குழுவில் பதில் வந்தது. மனோகரன் எதையும் எழுத மாட்டார். போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேடையில் பேசுவதுபோலப் பேசி அனுப்புவார்.

"குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம். மனோகரன் பேசறேன். நான் லூசா இல்லையாங்கறத நாலாவது மாடியில வாடகைக்கு இருக்கறவங்க முடிவு பண்ண வேண்டியதில்லை. நன்றி, வணக்கம்."

கஸ்தூரியின் கணவன் வீராசாமி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறவன். ஷிப்ட் முடிந்து வந்து பனியனோடு காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தான்.

"இன்னா கஸ்தூரி, செக்ரட்டரிய லூசுன்னு போட்டுகீற?"

"யோவ், கைப்பிடிய சொன்னேன்யா. போட்டோ போவல."

"போட்டோ இல்லாம படிச்சா அவரத்தான் சொல்லுது."

கஸ்தூரிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. வண்டிக்கான உதிரிபாகங்கள் செய்கிற இடத்தில் கடைசிச் சோதனை அவளுடையது. வந்து விழுகிறதை எல்லாம் எடுத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, "லூசு" என்று சத்தமாகச் சொல்லி ஒதுக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் வாயில் அதிகம் வருகிற சொல் அதுதான். அவளுக்கு அது திட்டு இல்லை, வேலை.

கைப்பிடியைப் பற்றி அவள் மனோகரனிடம் நேரிலும் சொல்லியிருந்தாள். "பாக்கலாம்மா" என்றார். லிஃப்ட் படுத்தாலும் பாக்கலாம், தண்ணீர் வராவிட்டாலும் பாக்கலாம், மொட்டை மாடிக் கதவு காற்றில் பறந்து போனாலும் பாக்கலாம் என்பவர் அவர். ஆனால் கஸ்தூரிக்கு எதிர்வீட்டு ரோஷினி நிறைமாசம். ஈரோட்டுப் பெண், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். வாரத்தில் பாதி நாள் லிஃப்ட் ஓடாது. அந்தக் கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்துத்தான் அவள் மேலே ஏறுவாள்.

"சரி, புரியிறாப்புல போட்டுட்றேன்" என்று கஸ்தூரி நிதானமாக எழுதினாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மூணாவது மாடி படிக்கட்டுல கைப்பிடி கழண்டு கீது. அத்ததான் சொன்னேன்."

வீராசாமி வாங்கி ஒரு முறை படித்தான். "கரீட்டா கீது. அனுப்பு."

பதில் குழம்பு கொதிப்பதற்குள் வந்துவிட்டது.

"மனோகரன் பேசறேன். லூசுன்னது போதாதுன்னு இப்ப கழண்டுபோச்சுன்னு எழுதியிருக்காங்க. ஆமாம்மா, எனக்கு மறை கழண்டுபோச்சு. உங்க வீட்டுத் தண்ணி மோட்டார ராத்திரி பகலா போட்டுவிடறேன் பாருங்க, அதனால கழண்டுபோச்சு. நன்றி, வணக்கம்."

வீராசாமி போனை மறுபடி வாங்கி, கஸ்தூரி எழுதியதைத் திரும்பப் படித்தான். "கைப்பிடின்னு தெளிவா போட்டுகீற. இந்தாளுக்கு இன்னா பிரச்சன?"

"கழண்டதுன்னு போட்டிருக்கக் கூடாதோ இன்னாவோ. அதுவும் அப்டித்தான் சொல்லுவாங்க இல்ல?"

"அப்ப வேற வார்த்த போடு."

வேறு வார்த்தை போட்டாள். "கைப்பிடி ஆடுது சார். தொட்டாலே ஆடுது."

"மனோகரன் பேசறேன். பதவி வந்ததும் நான் ஆடறேனாம். தொட்டாலே ஆடறேனாம். என்னை யாரும்மா தொட்டாங்க? முப்பது வருஷம் அரசாங்க உத்தியோகம் பாத்தவன் நான். ஆட்டம் போட்டவன் இல்லை. நன்றி, வணக்கம்."

இந்த முறை கீழே இரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். முதல் மாடியிலிருந்து ஒருவர் கைதட்டும் பொம்மையும் போட்டார். அது யாருக்கு என்று தெரியவில்லை.

கஸ்தூரி அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். எழுதினால்தானே வம்பு, நேரே பேசிவிடலாம் என்று மூன்றாவது மாடிக் கதவைத் தட்டினாள். மங்களம் கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் நீட்டினாள். மெலிந்த உருவம், நெற்றியில் பெரிய பொட்டு. குடியிருப்பில் யாரும் அவள் உரக்கப் பேசிக் கேட்டதில்லை.

"அவர் ரொம்பக் கோவமா இருக்கார்மா. இப்போ நீ எதிர்ல வந்தா இன்னும் ஜாஸ்தியாயிடும்."

"நான் கைப்பிடியத்தான்மா சொன்னேன். நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"என் பேச்ச எங்கம்மா கேக்கறார்? நீ எழுதியே போடு. அவர் பாத்துப்பார்."

கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

மறுநாள் ரோஷினி விஷயத்தைக் கையில் எடுத்தாள். மடிக்கணினியை வயிற்றின் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்த லூசு, கழண்டது எல்லாம் வேண்டாங்க. நல்ல தமிழ்ல மரியாதையா ஒரு வார்த்தை போடுவோம். அகராதி இருக்குது, பாக்கறேன்."

"பாரு."

"அவிழ்ந்த."

"அய்ய, வேட்டியத்தான் நெனப்பாரு."

"நெகிழ்ந்த."

"அழுதாருன்னு ஆயிடும்."

"தொய்ந்த?"

"தொப்பைய சொல்றோம்னுவாரு. வேணாம்."

"கட்டுத்தளர்ந்த, பிடிப்பற்ற, இறுக்கமில்லாத... ஏனுங்க்கா, இத்தனை வார்த்தை இருக்குது, ஒண்ணுகூட அவர் மேல படாம இல்லியே!"

"அவரு மேல படாத வார்த்த இந்த ஊர்லயே இல்ல."

கடைசியில் "தளர்ந்து" என்று முடிவாயிற்று. ரோஷினி எழுதினாள்: "கைப்பிடி தளர்ந்துவிட்டது. பாதுகாப்புக் கருதி யாரும் அதன்மீது சாய வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்." கஸ்தூரி தன் போனிலிருந்து அனுப்பினாள். படித்தால் அரசாங்க அறிவிப்பு மாதிரியே இருந்தது. இதில் கோபப்பட ஒன்றுமே இல்லை என்று இருவரும் தேநீர் குடித்தார்கள்.

"மனோகரன் பேசறேன். எனக்கு அறுபது தாண்டியாச்சு, ஒத்துக்கறேன். அதுக்காகத் தளர்ந்துட்டேன்னு ஊருக்கெல்லாம் அறிவிப்பு குடுப்பீங்களா? என் மேல யாரும் சாய வேண்டாமா? யாரும்மா என் மேல சாஞ்சது? தினம் காலைல பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்துட்டு வர்ற ஆளு நான். நன்றி, வணக்கம்."

ரோஷினி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். "அக்கா, மொதல் வார்த்தையே கைப்பிடின்னுதான போட்டிருக்கறேன்! அது எப்படிங்க கண்ணுல படாம போகும்?"

"படும். வேணும்னே பண்றாரு." கஸ்தூரி எழுந்து புடவையை உதறினாள். "இனிமே எழுதறது இல்ல. கைப்பிடி மேலயே ஒட்டிட்றேன். அத்த படிச்சுட்டும் தன்னத்தான் சொன்னேன்னா, அவருக்கும் கைப்பிடிக்கும் வித்தியாசம் தெரியலன்னு அர்த்தம்."

அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து, சிவப்பு மையில் பெரிதாக எழுதினாள்: "பிடிப்பு இல்லை. நம்பிச் சாய வேண்டாம். எந்த நேரமும் கழன்று விழும்." அடுத்த நாள் காலை வேலைக்குப் போகிற அவசரத்தில் அதை வாட்ச்மேனிடம் கொடுத்து, மூணாவது மாடியில் ஒட்டச் சொல்லிவிட்டு ஓடினாள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அட்டை ஒட்டியிருந்தது. மனோகரன் வீட்டுக் கதவில், அவருடைய பெயர்ப் பலகைக்கு நேர் கீழே.

மனோகரன்
செயலாளர்
பிடிப்பு இல்லை. நம்பிச் சாய வேண்டாம். எந்த நேரமும் கழன்று விழும்.

கஸ்தூரி அதே வேகத்தில் கீழே ஓடினாள்.

"இன்னாய்யா இது? கம்பியில ஒட்டச் சொன்னா கதவுல ஒட்டிகீற?"

வாட்ச்மேன் மிகுந்த பொறுப்போடு பதில் சொன்னார். "கம்பியில நிக்கவே மாட்டேன்னிடுச்சும்மா. கம்பி ஒரே ஆட்டம். கதவுதான் நல்லா கெட்டியா கீது."

அன்று மாலை கஸ்தூரியின் வீட்டு உரிமையாளர் அமல்ராஜ் வேப்பம்பட்டிலிருந்து கூப்பிட்டார். நல்ல மனிதர். யாரோடும் சண்டை வரக்கூடாது என்பதற்காகவே தன் சொந்த வீட்டை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போய்க் குடியிருப்பவர்.

"கஸ்தூரிம்மா, ஒரு சாரிதானேம்மா. சொல்லிடேன்."

"யார்கிட்ட சார்? கைப்பிடிகிட்டயா?"

"ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் நீ மன்னிப்பு கேக்கணுமாம். இல்லன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லுன்னு என்னை நெருக்கறார். நான் என்னம்மா பண்றது?"

போனை வைத்துவிட்டுக் கஸ்தூரி வீட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். இந்த வீடு கிடைக்க அவர்கள் ஏறி இறங்கிய தெருக்கள் அதிகம். ஊர் எது என்று ஆரம்பித்து, அதற்குள் எந்தத் தெரு என்று கேட்டு, அப்புறம் வீடு இல்லை என்ற வாசல்கள் எத்தனையோ. ஒன்றும் கேட்காமல் சாவியை நீட்டியவர் அமல்ராஜ் ஒருவர்தான்.

வீராசாமி மெதுவாகச் சொன்னான். "சொல்லிட்டுப் போயேன். ஒரு வார்த்த. வாய்ல இருந்து வர்றதுதான? இன்னா தேஞ்சா பூடும்?"

"தேயும்யா."

அவள் அவ்வளவுதான் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் அவனுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் லிஃப்ட் மறுபடி படுத்தது. கஸ்தூரி வேலை முடிந்து ஏறி வந்துகொண்டிருந்தாள். இரண்டு படி முன்னால் ரோஷினி, டாக்டரிடம் போய்விட்டு, மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் பழக்கத்தில் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். அது அவள் பக்கம் வரவில்லை, வெளிப்பக்கம் போயிற்று. ரோஷினியும் கூடவே சாய்ந்தாள். கஸ்தூரி சாப்பாட்டுப் பையைப் போட்டுவிட்டு அவள் தோளைக் கட்டிப் பிடித்தாள். டிபன் பாக்ஸ் படிப்படியாக விழுந்து தரைத்தளம் வரை கணகணவென்று போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்து அந்தச் சத்தம் நிற்கும் வரை கேட்டார்கள்.

"ஒண்ணுமில்லீங்க்கா" என்று ரோஷினி சொன்னாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அதை மாடிப்படியில் நின்று பார்த்த வீராசாமி, மன்னிப்பு பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிறு காலை, கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் கூடியது. மனோகரன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மங்களம் கூட்டத்துக்கு வரவில்லை. மற்றபடி, ஒரு கூட்டத்துக்கும் எட்டிப் பார்க்காதவர்கள்கூட அன்று வந்திருந்தார்கள்.

"தண்ணீர், லிஃப்ட், குப்பை, இதெல்லாம் அடுத்த கூட்டத்துல பாக்கலாம்" என்று மனோகரன் ஆரம்பித்தார். "இன்னிக்கு ஒரே விஷயம். மரியாதை. இந்தம்மா என்னை லூசுன்னாங்க. கழண்டதுன்னாங்க. ஆடறேன்னாங்க. தளர்ந்துட்டேன்னாங்க. என் வீட்டுக் கதவுலயே வந்து பிடிப்பு இல்லைன்னு ஒட்டினாங்க. இவங்க இப்ப மன்னிப்பு கேக்கணும். அதோட, அந்த வார்த்தையையும் அதுக்கு அக்கா தங்கச்சி வார்த்தைகளையும் இனிமே இந்தக் குரூப்புல யாரும் எழுதக்கூடாது."

எல்லோரும் கஸ்தூரியைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள்.

"சார், துணிக்கடையில ரவிக்க லூசா கீதுன்னா மாத்திக் குடுக்கறாங்க. மளிகைக் கடையில பாக்கெட்டு வேணுமா, லூசுல வேணுமான்னு கேக்கறாங்க. கொழந்தைக்கு வயித்தால போச்சுன்னா டாக்டரே லூசுன்றாரு. யாரும் யார்கிட்டயும் மன்னிப்பு கேக்கல. என் கம்பெனியில காலைல இருந்து அத்தத்தான் சொல்றேன். அதுக்குத்தான் சம்பளம் குடுக்கறாங்க. லூசா கீறத லூசுன்னு சொல்லாம வுட்டா, எங்கனா ஒரு வண்டி ரோட்டுல போய் கவுரும். நான் அம்மாந்தூரம் வார்த்த மாத்தி மாத்திப் போட்டேன். நீங்க ஒவ்வொண்ணையும் எடுத்து உங்க மேல ஒட்டிக்கினீங்க. இனிமே மாத்த மாட்டேன். கைப்பிடி லூசு. அவ்ளோதான்."

"மன்னிப்பு?"

"கேக்க மாட்டேன்."

"அப்ப வீட்டக் காலி பண்ணுங்க!"

"பண்றேன் சார். ஆனா சாமானெல்லாம் எறக்கணும். எறக்கறவங்க அந்தக் கைப்பிடிய புடிச்சிகினுதான் எறங்கணும். அத்த மொதல்ல சரி பண்ணிக் குடுங்க, நான் காலி பண்றேன்."

யாரோ பின்னாலிருந்து கை தட்டினார்கள். இந்த முறை யாருக்கு என்பதில் சந்தேகம் இல்லை.

மனோகரனின் முகம் சிவந்தது. "கைப்பிடி, கைப்பிடி! கைப்பிடின்னு ஒரு சாக்க வெச்சிக்கிட்டு என்னைத் திட்டறது. அந்தக் கைப்பிடிக்கு ஒண்ணுமே இல்லை. கல்லு மாதிரி இருக்கு. வாங்க எல்லாரும். கண்ணால பாருங்க. நான் காட்டறேன்."

"சார், வேணாம்" என்றாள் கஸ்தூரி. இது நிஜமாகவே அக்கறையில் வந்தது. "அது போல்ட்டு சுத்தமா இல்ல சார்."

"உங்க புத்திமதி எனக்கு வேண்டாம்!"

மொத்தக் கூட்டமும் படியேறியது. கடைசியில் வந்தவர்கள் இரண்டாவது மாடியிலேயே நெரிந்து நின்றார்கள். மனோகரன் மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்று, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"பாருங்க. எங்க ஆடுது?"

பிறகு அதன் மேல் நன்றாகச் சாய்ந்தார்.

கிரீச் என்று ஒரு சத்தம். கைப்பிடி கேட் திறப்பதுபோல வெளிப்பக்கம் திறந்தது. மனோகரனும் கூடவே திறந்தார். கால் இரண்டும் படியின் விளிம்பில், கை இரண்டும் கம்பியில், நடுவில் அவர் வெறும் காற்றின் மேல் பாலம் போல வளைந்து நின்றார். கீழே இருந்தவர்கள் மேலேயும் மேலே இருந்தவர்கள் கீழேயும் ஓடப் பார்த்து முட்டிக்கொண்டார்கள்.

கஸ்தூரி பாய்ந்து கைக்கு அகப்பட்டதைப் பிடித்தாள். அகப்பட்டது வேட்டி.

"வேட்டிய விடும்மா! ஆளப் பிடி! ஆளப் பிடி!"

வேட்டி கஸ்தூரியின் கையோடு வந்துவிட்டது. உள்ளே பச்சைக் கோடு போட்ட டிராயர். வீராசாமி பஸ்ஸுக்குப் பிரேக் போடுகிற வேகத்தில் பாய்ந்து அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்தான். கம்பி இன்னும் கொஞ்சம் வெளியே நகர்ந்தது.

"ஐயோ, லூசு! லூசுடா! கைப்பிடி லூசு!" என்று மனோகரன் கத்தினார்.

படிக்கட்டில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது.

கஸ்தூரி வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து, அவர் கையை மணிக்கட்டில் கெட்டியாகப் பிடித்தாள். இனி அவர் எங்கேயும் போக முடியாது என்று தெரிந்த பிறகுதான் கேட்டாள்.

"இன்னா சார் சொன்னீங்க? பின்னால கீறவங்களுக்குக் கேக்கல."

"இழும்மா மொதல்ல!"

"இன்னொரு தபா சொல்லுங்க சார்."

"கைப்பிடி... லூசும்மா."

"அத்தத்தான் சார் நானும் சொன்னேன்."

இரண்டு பேரும் சேர்ந்து ஒரே இழுப்பில் அவரை உள்ளே கொண்டுவந்தார்கள். மனோகரன் படியில் உட்கார்ந்து, தன் முழங்கால்களையே முதல் முறை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே கதவு திறந்தது. மங்களம் வேறொரு வேட்டியைக் கொண்டுவந்து, அவரிடம் நீட்டினாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதை எல்லாம் மனோகரன் பார்க்கவில்லை. பூந்தமல்லியிலிருந்து வெல்டரை ஆட்டோ வைத்து வரவழைத்தார். பொறி பறக்கப் பறக்கத் தானே பக்கத்தில் நின்றார். மூன்றாவது மாடி முடிந்ததும் மற்ற மாடிகளையும் ஆட்டிப் பார்க்கச் சொன்னார். வெல்டர் கிளம்பிய கையோடு லிஃப்ட்காரனைக் கூப்பிட்டு, நாளைக்குக் காலையில் வராவிட்டால் நடப்பதே வேறு என்று கத்தினார். அவர் வாயில் "பாக்கலாம்" என்ற சொல் அன்று முழுக்க வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை. ஆனால் அமல்ராஜ் வேப்பம்பட்டிலிருந்து கூப்பிட்டு, வீட்டைக் காலி பண்ணுகிற பேச்சு ஒன்றும் இல்லை, இனி இரண்டு பக்கமும் சிரித்துப் பேச வேண்டும் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

ரோஷினி மெதுவாகப் படியிறங்கி வந்து, புதிதாகப் பற்ற வைத்த இடத்துக்கு மேலே கைவைத்து, உடம்பின் கனத்தை எல்லாம் கொடுத்து ஒரு இழு இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. அவள் அங்கேயே நின்று அழுதுவிட்டாள்.

"இதுக்குப் பேருதான் நெகிழ்ந்தது" என்றாள் கஸ்தூரி.

பொழுது சாய்கிற நேரத்தில் மங்களம் நாலாவது மாடிக்கு வந்தாள். கையில் ஒரு சம்படம் நிறைய ரவா கேசரி, இன்னும் சூடாக இருந்தது. கஸ்தூரி அவளை உள்ளே கூப்பிட்டாள்.

"இல்லம்மா, நிக்கறேன். அவருக்கு ராத்திரிக்குத் தோசை வாக்கணும். நீ இன்னிக்கு அவர் கையப் பிடிச்சியே, அதுக்குத்தான் வந்தேன்."

"கேட்டா வேட்டிய புடிச்சேன்னுதான் சொல்லுவாரு."

மங்களம் சிரித்தாள். அவளுக்குப் பல் தெரியச் சிரிக்க வரும் என்பதே கஸ்தூரிக்கு அன்றுதான் தெரிந்தது.

"சார் மேல எனக்குக் கோவம் இல்லம்மா" என்றாள் கஸ்தூரி. "ஒண்ணுதான் இன்னிக்கு வரைக்கும் புரியல. மொத தபா நான் போட்டது தப்பு. வுட்டுடு. அதுக்கப்புறம் கைப்பிடி, கைப்பிடின்னு ஒவ்வொரு தபாவும் தெளிவா எழுதினேன். ரோஷினியும் எழுதுச்சு. எல்லாருக்கும் புரிஞ்சுது. அவருக்கு மட்டும் எப்டிம்மா அத்தனையும் தன்னத்தான் சொல்றாங்கன்னு தோணுச்சு?"

மங்களம் படியில் ஓரடி இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"அவருக்கு எங்கம்மா தோணிச்சு? போன்ல வர்ற பொடி எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது, குரூப்ல வர்றத எல்லாம் படிச்சுக் காட்டறது நான்தானே. கைப்பிடி ஆடுதுன்னு நானும் ரெண்டு வருஷமா சொல்றேன், பாக்கலாம் பாக்கலாம்னார். அதான், நீ கைப்பிடின்னு எழுதின எடத்துல எல்லாம் செக்ரட்டரின்னு படிச்சேன்."